இரண்டாவது ராக்கெட்டை யார் விடுவது?

ஆகஸ்ட் 23 நெருங்கினால் இந்தியப் பள்ளி மைதானங்களில் குளிர்பான பாட்டில்கள் தலைகீழாக நிற்கத் தொடங்குகின்றன. 2023-இல் சந்திரயான்-3 நிலவின் தென்துருவத்துக்கு அருகே இறங்கிய அந்த நாள் தேசிய விண்வெளி நாளாக அறிவிக்கப்பட்ட பிறகு, பிப்ரவரி 28-க்கு மட்டும் உரியதாயிருந்த அறிவியல் கொண்டாட்டம் ஆண்டுக்கு இருமுறை ஆகிவிட்டது. நிகழ்ச்சியின் அமைப்பு எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆசிரியரோ, பக்கத்துக் கல்லூரியிலிருந்து அழைக்கப்பட்ட ஆய்வு மாணவரோ சைக்கிள் பம்ப்பை அடிக்கிறார். சுற்றிலும் முந்நூறு பிள்ளைகள். பாட்டில் சீறிக்கொண்டு எழுகிறது, கைதட்டல் எழுகிறது. ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்று ஒலிபெருக்கியில் ஒரு வரி. பிள்ளைகள் வரிசையாக வகுப்புக்குத் திரும்புகிறார்கள். நிகழ்ச்சி நடந்ததற்குச் சான்றாகப் புகைப்படங்கள் மேலிடத்துக்குப் போகின்றன.

அந்தப் பாட்டில் எவ்வளவு உயரம் போனது என்று எவரும் கேட்கவில்லை. உள்ளே எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று பம்ப் அடித்தவருக்கே நினைவில்லை. தண்ணீரைக் கூட்டினால் மேலே போகுமா, குறைத்தால் மேலே போகுமா என்று ஒரு பிள்ளையாவது மனத்துக்குள் கேட்டிருக்கும். அந்தக் கேள்விக்கு விடை தேட இரண்டாவது முறை விட வேண்டும். இரண்டாவது முறை விடப்படுவதில்லை. விடப்பட்டாலும், முதலாவதைப் பார்க்கத் தவறிய தலைமையாசிரியருக்காகவோ புகைப்படக்காரருக்காகவோதான் விடப்படுகிறது.

ஒரே ஒரு முறை ஏவப்படும் ராக்கெட் வேடிக்கைப் பொருள். எதையேனும் ஒன்றை மாற்றி, மற்றவற்றை மாற்றாமல் வைத்து, அதே கைகள் மறுபடி ஏவும்போதுதான் அது பரிசோதனையாகிறது. அறிவியல் கல்வியைப் பற்றி எழுதியவர் எவரும் மறுக்காத இந்த எளிய செய்தி, இந்தியப் பள்ளிகளின் ராக்கெட் நிகழ்ச்சிகளில் முற்றாகக் கைவிடப்பட்டிருக்கிறது. அதைக் கைவிட்டதில் பள்ளிகளைவிடப் பல்கலைக்கழகங்களுக்குப் பங்கு அதிகம். பம்ப்பைப் பிள்ளையின் கையில் கொடுக்காமல் தம் கையிலேயே வைத்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் அறிவியல் பரப்பும் நல்லெண்ணத்தோடு போனவர்கள்.

தும்பாவின் பெயரைச் சொல்லாமல் இந்நிகழ்ச்சிகள் தொடங்குவதில்லை. மிதிவண்டியில் ராக்கெட்டின் பாகம் எடுத்துச் செல்லப்படும் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் திரையில் வரும். தேவாலயமே அலுவலகமான கதை சொல்லப்படும். இரண்டும் உண்மையே. ஆனால், அந்த ராக்கெட் எதற்காகப் போனது என்பது சொல்லப்படுவதில்லை. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து எழுந்த நைக்-அப்பாச்சி ராக்கெட், வளிமண்டலத்தின் மேலடுக்கில் சோடியம் ஆவியை விடுவதற்காகப் போனது. அந்தி வெளிச்சத்தில் ஒளிர்ந்த ஆவிப் படலம் எத்திசையில், எவ்வளவு வேகத்தில் இழுபட்டது என்பதைத் தரையிலிருந்து படமெடுத்து அங்குள்ள காற்றின் போக்கைக் கணக்கிட்டார்கள். தும்பா தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணமும் அளவீடுதான்: பூமியின் காந்த நடுக்கோடு அவ்விடத்துக்கு மிக அருகே செல்கிறது, அதன்மேல் அயனிமண்டலத்தில் ஓடும் மின்னோட்டத்தை ஆராய அதைவிடப் பொருத்தமான இடங்கள் உலகில் மிகச் சில. மிதிவண்டியை வறுமையின் பெருமிதமாக மட்டும் காட்டும் பள்ளி நிகழ்ச்சி, அந்த மிதிவண்டி சுமந்தது ஓர் அளவுகருவியின் வாகனத்தை என்பதை மறைத்துவிடுகிறது. அளப்பதற்காக ஏவியவர்களின் பெயரால், அளக்காமல் ஏவுவது எந்த வகை மரியாதை?

இதற்கு உடனே வரும் மறுப்பு ஒன்றுண்டு: சிறு பிள்ளைகளுக்கு முதலில் வியப்பு வேண்டும்; அளவீடும் அட்டவணையும் பிறகு வரலாம்; வியப்பைத் தூண்டினாலே பாதி வேலை முடிந்தது. கேட்க இதமான வாதம். ஆனால், பிள்ளைகளிடம் வியப்புக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. தீபாவளிக்கு ஒயின்ஷாப் பாட்டிலில் ராக்கெட் வாணத்தைச் செருகிப் பற்றவைக்கும் தெருப் பிள்ளைக்கு வியப்பைக் கற்றுத்தர எந்த முனைவரும் தேவையில்லை. பள்ளி தரவேண்டியது வேறு: வியந்ததைத் தன் கையால் கட்டுப்படுத்திப் பார்க்கும் அதிகாரம். வியப்பை மட்டும் தந்து அந்த அதிகாரத்தைத் தராமல் விடும் நிகழ்ச்சி, அறிவியல் என்பது வேறு யாரோ செய்வது, தான் கைதட்டுவது என்ற பாடத்தை நடத்துகிறது. அந்தப் பாடம் மிக ஆழமாகப் பதிகிறது. எந்த வகைப் பள்ளிகளில் அது ஆழமாகப் பதிகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பெருநகரத்தின் கட்டணப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு ஞாயிறு தோறும் 'ஸ்டெம்' பட்டறை இருக்கிறது. பெட்டியில் வரும் ராக்கெட் சாதனத்தை அது வீட்டில் பத்து முறை ஏவிப் பார்க்கும். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அந்த மைதானத்து ஐந்து நொடிகளே மொத்த அனுபவம்.

ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு என்னதான் செய்துவிட முடியும் என்று கேட்பவர்களுக்காகச் சற்று விரிவாகவே சொல்லலாம்.

இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில், அதன் வாயில் இறுகப் பொருந்தும் ரப்பர் தக்கை, தக்கையின் நடுவே பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டியெடுத்த வால்வு, ஒரு பம்ப். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் கொண்ட குழு. முதல் கேள்வி, தண்ணீர் எவ்வளவு ஊற்றுவது. தண்ணீரே ஊற்றாமல் ஒரு முறை, கால் பாட்டில், அரைப் பாட்டில், முக்கால் பாட்டில் என ஒவ்வொரு முறை. ஏவுவதற்கு முன் ஒவ்வொருவரும் தன் ஊகத்தை எழுதிவைக்க வேண்டும். பெரும்பாலோர் இரண்டில் ஒன்றை எழுதுவார்கள்: தண்ணீர் கனம், ஆகவே குறைந்தால் நல்லது, அல்லது தண்ணீர்தான் தள்ளுகிறது, ஆகவே நிறைய இருந்தால் நல்லது. இரண்டு ஊகங்களும் பாதி சரி. தண்ணீரே இல்லாத பாட்டில் பொத்தென்ற சத்தத்தோடு சிறிது தூரம் எழும்பி விழுகிறது. முக்கால் பாட்டில் சோம்பலாக எழுந்து சரிகிறது. இடையில் எங்கேயோ, கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரையிலான அளவில், அது கண்ணுக்குச் சிறு புள்ளியாகும் உயரத்துக்குப் போகிறது.

ஏன் என்ற கேள்விக்கு எண்களால் விடை சொல்லலாம். வளியழுத்தத்தைப்போல் மூன்று மடங்கு அழுத்தத்தைக் கூடுதலாக ஏற்றினாலும், இரண்டு லிட்டர் பாட்டிலில் உள்ள காற்றின் மொத்த நிறை பத்து கிராமைத் தொடாது. தக்கை கழன்றதும் வெளியேறுவது சுமார் 7 கிராம். அதே பாட்டிலில் அரை லிட்டர் தண்ணீர் இருந்தால் வெளியேறுவது 500 கிராம். எதிர்த்திசையில் எறியப்படும் நிறைக்கு இங்கே எவ்வளவு மதிப்பு என்பதைப் பிள்ளை ஒரு கையில் காலிப் பாட்டிலையும் மறுகையில் நீருள்ள பாட்டிலையும் தூக்கிப் பார்த்தே உணரும். அப்படியானால் முழுக்கத் தண்ணீராலேயே நிரப்பினால் என்ன? நீரைத் தள்ளுவது அமுக்கப்பட்ட காற்றில் சேமித்த ஆற்றல். காற்றுக்கு இடமில்லாவிட்டால் தள்ள எதுவுமில்லை. எறிபொருள் வேண்டும், எறியும் ஆற்றலும் வேண்டும். ஒரே பாட்டிலின் கொள்ளளவை இரண்டும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவில் எடையைக் கிராம் கிராமாகக் கணக்கிடுபவர்கள் செய்வதும் இத்தகைய பேரம்தான், மிகப் பெரிய அளவில்.

இவ்வளவும் சரியாக நடந்தால். நடக்காது, அதுதான் இதில் மிக நல்ல பகுதி. கால் பாட்டில் தண்ணீரோடு மூன்று முறை ஏவினால் மூன்று வேறு உயரங்கள் வரும். பிள்ளைகள் முதலில் ஒருவரையொருவர் குறை சொல்வார்கள்: தண்ணீரைச் சரியாக அளக்கவில்லை, பம்ப்பைச் சரியாக அடிக்கவில்லை. பிறகு யாரேனும் ஒருவர் தக்கையைக் கவனிப்பார். தக்கையை ஆழமாகச் செருகினால் அது கழல அதிக அழுத்தம் வேண்டும். லேசாகச் செருகினால் குறைந்த அழுத்தத்திலேயே கழன்றுவிடும். தண்ணீரை மட்டும் மாற்றுவதாக நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அழுத்தத்தையும் சேர்த்தே மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். தக்கையின்மேல் பேனாவால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு வரை மட்டுமே செருகுவது என்று முடிவெடுக்கும் குழு, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்ற சொல்லைக் கேள்விப்படாமலேயே அதன் பொருளைக் கண்டுபிடித்துவிட்டது. அச்சொல்லைக் கரும்பலகையில் எழுத ஆசிரியருக்கு அதைவிட நல்ல தருணம் வாய்க்காது. ஆய்வுநெறி குறித்து முதுகலை மாணவருக்கு ஒரு பருவம் முழுவதும் நடத்தப்படும் பாடத்தின் சாரம் அந்தப் பேனாக் கோட்டில் இருக்கிறது என்றால் மிகையில்லை. நடத்துபவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உயரத்தை அளக்கக் கருவி வாங்க வேண்டியதில்லை. கணிதப் பெட்டியிலுள்ள கோணமானி, அதன் மையத்தில் கட்டிய நூல், நூலின் நுனியில் ஒரு சிறு கல் போதும். ஏவுதளத்திலிருந்து 20 மீட்டர் தள்ளி நிற்கும் பிள்ளை, பாட்டில் உச்சியைத் தொடும்போது கோணமானியின் நேர்விளிம்பு வழியே பார்க்கிறது; நூல் காட்டும் கோணத்திலிருந்து ஏற்றக்கோணம் கிடைக்கிறது. 45 பாகை என்றால் உயரம் 20 மீட்டர், அதோடு கண்ணின் உயரம். மற்றக் கோணங்களுக்கு டேன்ஜென்ட் அட்டவணை வேண்டுமே, அது பத்தாம் வகுப்புப் பாடமாயிற்றே என்று தயங்கவும் வேண்டாம். வரைபடத்தாளில் அளவுகோலிட்டு முக்கோணத்தை வரைந்தால் எட்டாம் வகுப்பே கண்டுபிடிக்கும். இன்னொரு பிள்ளையின் கையில் கைபேசியின் நிறுத்துக் கடிகாரம். எழுந்து விழ மொத்தம் 4 விநாடி ஆனால், காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாதபோது உயரம் ஏறத்தாழ 20 மீட்டர். 3 விநாடி என்றால் 11 மீட்டர். கோணமானி சொல்லும் உயரமும் கடிகாரம் சொல்லும் உயரமும் ஒத்துப்போகாது. எதை நம்புவது, ஏன் வேறுபடுகிறது, காற்று எவ்வளவு குறுக்கிட்டது, பார்த்த பிள்ளையின் கை எவ்வளவு நடுங்கியது என்ற சச்சரவு எழும். அந்தச் சச்சரவுக்காகத்தான் பள்ளிக்கூடத்துக்கு ஆய்வகம் என்ற அறையே கட்டப்பட்டது.

1926 மார்ச் 16 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு பண்ணையில் ராபர்ட் கோடார்ட் ஏவிய, உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட் இரண்டரை விநாடி பறந்து சுமார் 12.5 மீட்டர் உயரம் எழுந்தது. ஒரு கோசுத் தோட்டத்தில் விழுந்தது. நன்றாகச் செய்த தண்ணீர் பாட்டில் அதைவிட மேலே போகும். உயரம் மட்டுமே சாதனையென்றால் கோடார்டின் பெயர் எங்கும் இருந்திருக்காது. நேரத்தையும் தூரத்தையும் குறித்துவைத்துக்கொண்டு, எதை மாற்றுவது என்று யோசித்து, அடுத்ததை ஏவியவர் அவர்.

கோடார்டின் கதையில் ஆசிரியர்களும் பேராசிரியர்களும் படிக்க வேண்டிய இன்னொரு பக்கமும் உண்டு. 1920 ஜனவரி 13 அன்று நியூயார்க் டைம்ஸ் நாளேடு தன் தலையங்கப் பக்கத்தில் அவரைக் கேலி செய்தது. வெற்றிடத்தில் ராக்கெட்டுக்கு எதிர்த்துத் தள்ள எதுவுமில்லையே, உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைக்குத் தெரிந்த இந்தச் செய்திகூட இவருக்குத் தெரியவில்லையே என்பது அதன் சாரம். மனிதர் நிலவை நோக்கிப் பயணம் செய்துகொண்டிருந்த 1969 ஜூலை 17 அன்றுதான் அந்நாளேடு தவற்றைத் திருத்தி வெளியிட்டது. சிரிப்பதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மைதானத்தில் கைதட்டிய பிள்ளைகளிடம், ஏன், கைதட்டிய ஆசிரியர்களிடமே, ராக்கெட் எதைத் தள்ளிக்கொண்டு மேலே போகிறது என்று தனியே கேட்டால், தரையை என்றும் காற்றை என்றும் விடைகள் தாராளமாக வரும். நியூட்டனின் மூன்றாம் விதியைப் பிழையில்லாமல் ஒப்பித்த அதே வாயிலிருந்து வரும். சமமான இரண்டு விசைகள் எதிரெதிராக இருந்தால் ஒன்றையொன்று நீக்கிவிடாதா, பிறகு எப்படி எதுவுமே நகர்கிறது என்ற கேள்வியைக் கேட்கும் பிள்ளைக்கு ஒப்பித்த வாக்கியத்தில் விடையில்லை. அவ்விரு விசைகளும் இரண்டு வெவ்வேறு பொருள்கள்மீது செயல்படுகின்றன, ஒன்று பாட்டிலின்மீது, மற்றது தண்ணீரின்மீது என்பதை ஒலிபெருக்கி சொல்வதில்லை.

என்சிஇஆர்டியின் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் நூலில், பலூனின்மேல் உறிஞ்சு குழாயை ஒட்டி, அதற்குள் நூலைக் கோத்து ஓடவிடும் செயல்பாடு நெடுங்காலமாக இருந்துவந்தது. அதனோடு ஒரே ஓர் அட்டையைச் சேர்த்தால் நியூயார்க் டைம்ஸின் கேள்வியை வகுப்பறையிலேயே விசாரிக்கலாம். காற்று வெளியேறும் வாய்க்குச் சற்றுப் பின்னால், இரண்டு குச்சிகளின் உதவியால் பலூனோடே சேர்ந்து நகரும்படி அந்த அட்டையைப் பொருத்த வேண்டும். பின்னாலுள்ள எதையோ தள்ளித்தான் பலூன் ஓடுகிறது என்றால், இப்போது தள்ளுவதற்கு மிக அருகில், மிகத் தோதாக ஒரு பொருள் கிடைத்துவிட்டது. பலூன் முன்னைவிட வேகமாக ஓட வேண்டும். ஓடுவதில்லை, இருந்த இடத்திலேயே தயங்கி நிற்கிறது. பிள்ளைகளில் சமர்த்தான ஒருவர் உடனே மறுப்பார்: அட்டை பலூனோடு ஒட்டியிருக்கிறதே, அதனால் கணக்கில் வராது என்று. மிகச் சரியான மறுப்பு. எது ராக்கெட்டுக்கு உள்ளே, எது வெளியே என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அந்த மறுப்பில் தொடங்குகிறது. அமைப்பு என்ற கருத்தை இயற்பியலில் இதைவிடத் தெளிவாக அறிமுகம் செய்யும் ஒரு பத்தி எந்தப் பாடநூலிலும் எளிதில் கிடைக்காது.

வினிகரும் சமையல் சோடாவும் சேர்ந்த ராக்கெட்டும் இதே அலட்சியத்தால்தான் வீணாகிறது. நுரை பொங்கினால் போதும் என்று கரண்டி கரண்டியாகக் கொட்டுகிறார்கள். 84 கிராம் சமையல் சோடா முழுவதும் வினைபுரிந்தால் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு, அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 24 லிட்டர் வரும். ஒரு தேக்கரண்டி, சுமார் 5 கிராம், ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான வாயுவைத் தரும். மாத்திரை டப்பா ஒன்றின் மூடியைத் தெறிக்கவைக்க அதில் சிறு பங்கே போதும். எவ்வளவு போதும் என்று தேடுவதில் வேதியியலின் அளவுக்கணக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. வினிகர் கிடைக்காத ஊரில் எலுமிச்சைச் சாறு; அதுவும் வேண்டாமென்றால் ஈனோவும் தண்ணீரும். வெந்நீரில் ஏன் சீக்கிரம் தெறிக்கிறது என்பது இலவச இணைப்பு.

பாதுகாப்பு என்ற சொல்லைச் சொல்லித்தான் பம்ப் பிள்ளையின் கைக்குப் போகாமல் தடுக்கப்படுகிறது. அக்கறை நியாயமானது; அதிலிருந்து எடுக்கும் முடிவு தவறானது. அழுத்தம் ஏற்றிய பாட்டில் விளையாட்டுப் பொருளன்று. சோடா, கோலா போன்ற வாயு கலந்த பானங்களுக்கான பாட்டிலை மட்டுமே பயன்படுத்த வேண்டும். தண்ணீர் விற்கும் மெல்லிய பாட்டில் கூடாது, கண்ணாடியும் உலோகமும் அறவே கூடாது. பம்ப்புக்கும் பாட்டிலுக்கும் இடையே நீளமான குழாய் வேண்டும். கண்ணாடி அணிய வேண்டும். பம்ப் அடிக்கத் தொடங்கிய பிறகு எவரும் பாட்டிலின்மேல் குனியக் கூடாது, கழலாத தக்கையைக் கழற்றப் போகக் கூடாது. கீறல் விழுந்த பாட்டிலைத் தூக்கியெறிய வேண்டும். இவற்றையெல்லாம் பதின்மூன்று வயதுப் பிள்ளை கற்றுக்கொண்டு கண்டிப்பாகப் பின்பற்றும். பல நேரம் பெரியவர்களைவிடக் கண்டிப்பாக. அதே வேளையில் வெடியுப்பையும் சர்க்கரையையும் கிளறி எரிபொருள் செய்யக் காட்டும் காணொளிகளையும், தீக்குச்சி மருந்தைச் சுரண்டிக் குழாயில் அடைக்கும் வித்தைகளையும் 'வீட்டு அறிவியல்' என்று பகிரும் கல்வியாளர்களும் இருக்கிறார்கள். அடுப்படியில் எரிபொருள் கலப்பது அறிவியல் கல்வி அன்று, விபத்துக்கான அழைப்பு. காற்றும் தண்ணீரும் கற்றுத்தராத எதையும் அந்தப் புகை இந்த வயதில் கற்றுத்தரப் போவதில்லை.

பண்டைப் பெருமையும் இந்த மேடைகளில் தவறாமல் ஏறுகிறது. மைசூர் ராக்கெட்டுகளின் சிறப்பு அவற்றின் இரும்புக் குழாயில் இருந்தது. மூங்கிலும் காகிதமும் தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கியது. அதனால் அவை அதிகத் தொலைவு போயின. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்த பின் கைப்பற்றப்பட்டவை இங்கிலாந்தின் வூல்விச்சுக்குப் போயின. வில்லியம் காங்கிரீவ் தம் சோதனைகளைத் தொடங்கி அளவுகளை மாற்றி மாற்றி ஏவிப் பார்த்தார். பள்ளி மேடையில் திப்புவின் பெயர் முழங்கப்படும். குழாய் ஏன் இரும்பால் ஆனது என்று கேட்கப்படாது. கையிலுள்ள பாட்டிலின் சுவர் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்ற கேள்வியும் அதனால்தான் எழுவதில்லை.

அறுபது பேர் வகுப்பில் இதெல்லாம் நடக்காது, பாடத்திட்டம் முடியாது, ஆசிரியர்களுக்குப் பயிற்சியில்லை என்று அடுத்த மறுப்பு. இது நடக்கும் என்பதற்கு நாட்டில் முப்பது ஆண்டுச் சான்று உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் கிஷோர் பாரதியும் ரசூலியாவின் நண்பர்கள் கிராம மையமும் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம், 1978-இல் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 1982-இல் உருவான ஏகலவ்யா நிறுவனம் அதைத் தொடர்ந்து நடத்தியது. அவை சாதாரண அரசுப் பள்ளிகள். பிள்ளைகள் கிராமத்துப் பிள்ளைகள். ஆசிரியர்கள் அரசுச் சம்பளத்து ஆசிரியர்கள். நால்வர் நால்வராகப் பிரிந்து பிள்ளைகளே சோதனை செய்தார்கள், தரவுகளைக் கரும்பலகையில் ஒன்றுசேர்த்து விவாதித்தார்கள். பாடநூலில் விடைகள் அச்சிடப்படவில்லை. தேர்வில் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொள்ளலாம். செய்முறைக்குத் தனித் தேர்வு உண்டு. சவாலிராம் என்ற கற்பனை மனிதருக்குப் பிள்ளைகள் தங்கள் கேள்விகளைக் கடிதமாக எழுதினார்கள்; பதில்கள் போயின. டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் விஞ்ஞானிகள் அங்கே போனார்கள். ஒருநாள் வித்தை காட்டிவிட்டுத் திரும்பவில்லை. ஆசிரியர்களோடு வாரக்கணக்கில் தரையில் அமர்ந்து சோதனைகளை வடிவமைத்தார்கள்.

2002-இல் மாநில அரசு அத்திட்டத்தை நிறுத்தியது. அப்போது அது ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகளில் இருந்தது. மாநிலம் முழுவதும் ஒரே பாடநூல், ஒரே தேர்வு என்ற நிர்வாக ஒழுங்குக்கு அது இடையூறாயிற்று. கேள்வி கேட்கப் பழகிய பிள்ளைகளை மனப்பாடத் தேர்வால் அளந்து, அவர்கள் பின்தங்குகிறார்கள் என்று சொல்வது எளிது. அதை எதிர்த்துக் கையெழுத்திட்ட கல்வியாளர்கள் பலர். அதன் பிறகு தம் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலுள்ள ஒரே ஒரு பள்ளியிலாவது அப்பணியைத் தொடர்ந்தவர்கள் மிகச் சிலர்.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பதைக் குடிமக்களின் கடமையாக அரசியலமைப்பில் எழுதியது 1976-இல். சுமையற்ற கற்றலை வலியுறுத்திய யஷ்பால் குழுவின் அறிக்கை 1993-இல் வந்தது. செய்து கற்றலைப் புகழ்ந்து 2005-இன் கலைத்திட்ட வரைவும் 2020-இன் கல்விக் கொள்கையும் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. வாசகங்களுக்குக் குறைவில்லை. அவ்வாசகங்களை மேற்கோள் காட்டி ஆய்வேடு எழுதுவோருக்கும் குறைவில்லை; பம்ப் பிடித்த கைகள் எத்தனை என்று எண்ணிய ஆய்வேடு மட்டும் அரிது.

எண்ணினால் இன்னொன்றும் தெரியவரும். குழுவாகச் செய்யும் இடங்களில்கூட, கவனிக்காமல் விட்டால், பம்ப் பையன்களிடம் போய்ச்சேரும், நோட்டுப் புத்தகம் பெண் பிள்ளையிடம் போய்ச்சேரும். நன்றாக எழுதுவாள் என்று காரணமும் சொல்லப்படும். ஆங்கிலத்தில் விளக்கம் சொல்லத் தெரிந்த பிள்ளை குழுவின் வாயாகிவிடும். ஐந்து ஏவுதல், ஐந்து பொறுப்பு, ஒவ்வொரு முறையும் சுழற்சி என்று ஆசிரியர் விதித்தாலொழிய இது மாறாது. பேசுவது அந்தப் பிள்ளையின் வீட்டு மொழியில் இருக்கலாம். அழுத்தம், உந்தம் போன்ற கலைச்சொற்கள் காரியம் நடந்த பிறகு வந்து ஒட்டிக்கொள்ளும். முன்னால் வந்து வழிமறிக்கத் தேவையில்லை.

பள்ளிகளுக்குப் போகும் ஆய்வு மாணவர்களிடமும் அவர்களை அனுப்பும் துறைகளிடமும் கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. முந்நூறு பேருக்கு ஒரு மணி நேரம் என்ற அழைப்பை மறுத்து, முப்பது பேருக்கு நான்கு பிற்பகல் என்று கேட்டு வாங்கலாம். முதல் பிற்பகலில் எவரும் எதையும் விளக்காமல், பாட்டிலையும் பம்ப்பையும் பாதுகாப்பு விதிகளையும் மட்டும் கொடுத்துவிட்டு விலகி நிற்கலாம். விலகி நிற்பது முனைவர் பட்டம் பெற்றவருக்கு மிகக் கடினமான வேலை என்பது தெரிந்ததே. பள்ளியின் ஆசிரியரைப் பார்வையாளர் வரிசையில் உட்காரவைக்காமல் உடன்செய்பவராக வைத்துக்கொள்ளலாம். நான்காம் பிற்பகலுக்குப் பிறகு அந்தப் பள்ளியில் இருக்கப்போகிறவர் அவர்தான். கல்வித் துறை அலுவலகங்களோ, ஆகஸ்ட் 23-க்கான சுற்றறிக்கையில் ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும். பாட்டில் பறக்கும் புகைப்படத்தைக் கேட்கும் இடத்தில், பிள்ளைகள் கையெழுத்தில் எழுதிய அட்டவணையைக் கேட்கட்டும்: தண்ணீரின் அளவு, தக்கையின் ஆழம், விநாடி, கோணம், முன்பு எழுதிய ஊகம், அடித்தல் திருத்தல்களோடு. ஏவிய ஒவ்வொருவரின் பெயரும் அதில் இருக்கட்டும்.